கல்யாண போட்டோவைப் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும் வைரஸ்!

பணமும் கொடுக்காதே, அவசரப்பட்டு அழிக்கவும் செய்யாதே!!

ஆய்க்குடி:—

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டால் என்ன செய்வது?

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடு" என்கிறார் ஒருவர். "கேட்ட பணத்தைக் கட்டித் தொலை" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தப்பு!

கம்ப்யூட்டரையும் பிழைக்க வைக்கலாம். பைல்களையும் ஓரளவு மீட்கலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தப்பக்கூடாது. வரிசை தப்பினால் உள்ளதும் போய்விடும்.

இது பற்றிய விவரம் வருமாறு:—

ஆய்க்குடியில் ஒரு வீடு

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆய்க்குடி. அனுமன் நதி ஓடும் ஊர். படிப் பாயசம் நேர்ந்துகொள்ளும் முருகன் கோவில் உள்ள ஊர். குற்றாலத்தில் சாரல் அடித்தால் இங்கேயும் குளிர்ந்த காற்று வீசும்.

அந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கற்பனை. வைரஸ் கற்பனை அல்ல!

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மகன் காலேஜில் படிக்கிறான். முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் மகள் கல்யாண போட்டோக்கள் இருக்கின்றன. பென்ஷன் தாள்கள், பத்திர நகல்கள் இருக்கின்றன. செத்துப் போன ஆச்சி பேரனுக்குக் கதை சொல்லிய குரல் பதிவும் இருக்கிறது.

மகனுக்கு ஒரு வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் வேண்டும். விலை கொடுத்து வாங்க மனசு இல்லை. இணையத்தில் தேடி, "கிராக்" என்ற திருட்டுச் சாவியுடன் இலவசமாக இறக்கிவிட்டான். "ஆண்டி வைரசை நிறுத்திவிட்டு இதை ஓட்டவும்" என்று அதிலேயே எழுதியிருந்தது. அப்படியே செய்தான்.

திரையில் "விண்டோஸ் அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும்" என்று ஒரு கட்டம் வந்தது. பையன் காபி குடிக்கப் போய்விட்டான்.

அது அப்டேட் அல்ல. போலி! அந்தக் கட்டத்துக்குப் பின்னால் வைரஸ் ஒவ்வொரு பைலாகப் பூட்டிக்கொண்டிருந்தது.

மிரட்டல் கடிதம்

திரும்பி வந்து பார்த்தவன் திடுக்கிட்டான். ஒரு போட்டோவும் திறக்கவில்லை. எல்லாப் பைல்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது. போல்டருக்குப் போல்டர் ஒரு கடிதம் கிடந்தது.

"உங்கள் பைல்களைப் பூட்டிவிட்டோம். சாவி வேண்டுமானால் 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். நம்பிக்கை இல்லையா? ஒரு பைலை அனுப்புங்கள். இலவசமாகத் திறந்து காட்டுகிறோம்."

கடிதத்தின் சாரம் இதுதான். ஆடித் தள்ளுபடி மாதிரி, மிரட்டலுக்கும் தள்ளுபடி!

490 டாலர் என்றால் இன்றைய மதிப்பில் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். வாத்தியாருக்கு நெஞ்சு படபடத்தது.

"எப்பா, எல்லாம் போச்சுப்பா!" என்றான் மகன்.

"ஏல, ஆச்சி குரலுமால போச்சு?" என்று கேட்டார் அவன் அம்மா.

யார் இந்த ஆசாமி?

இந்த வைரசுக்கு "ஸ்டாப்" என்றும் "டிஜேவியு" என்றும் பெயர். 2018-ம் ஆண்டு இறுதியில் இருந்து உலகம் முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கைவரிசை காட்டியது. பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, சாதாரண வீடுகளைக் குறி வைத்தது. திருட்டு சாப்ட்வேர்தான் இது வரும் முக்கிய வாசல்.

பைலைப் பூட்டிப் பணம் பறிக்கும் வித்தை புதிதல்ல. 1989-லேயே நடந்திருக்கிறது. ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் சுமார் 20 ஆயிரம் பிளாப்பி டிஸ்க்குகளைத் தபாலில் பல நாட்டுக்காரர்களுக்கு அனுப்பினார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லித்தான் அனுப்பினார். டிஸ்க்கைப் போட்ட கம்ப்யூட்டரை சுமார் 90 தடவை இயக்கிய பிறகு பைல் பெயர்கள் உருமாறின. "189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பு" என்று மிரட்டல் வந்தது.

அந்தப் பூட்டு லேசான பூட்டு. அதைத் திறக்கும் புரோகிராமை நிபுணர்கள் எழுதிவிட்டார்கள். இன்றைய பூட்டு அப்படி அல்ல. திண்டுக்கல் பூட்டைக்கூட சம்மட்டியால் உடைக்கலாம். இந்தப் பூட்டுக்குச் சாவி கிடைத்தால்தான் உண்டு.

முதல் வேலை: வயரைப் பிடுங்கு!

வைரஸ் தாக்கியது தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, இணையத் தொடர்பை அறுப்பது. வயரைப் பிடுங்குங்கள். வைபையை அணையுங்கள். கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

பைல்கள் இன்னும் பூட்டப்பட்டுக்கொண்டே இருந்தால் யோசிக்க வேண்டாம். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதாவது தப்பும்.

இங்கேதான் பலர் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள்.

"பெரியப்பா வீட்டில் கல்யாண போட்டோ காப்பி இருக்கே!" என்று ஓடிப்போய் அந்தப் பென் டிரைவை வாங்கி வருகிறார்கள். அதே கம்ப்யூட்டரில் சொருகுகிறார்கள். உள்ளே வைரஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்ணெதிரே அந்தக் காப்பியும் பூட்டிக்கொள்கிறது!

நோய் தீரும் வரை நல்ல பென் டிரைவ் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது.

இரண்டாவது வேலை: கடிதத்தைக் காப்பாற்று!

கோபத்தில் மிரட்டல் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பைல் பெயரின் வாலையும் குறித்து வையுங்கள். அந்தக் கடிதத்தில் உங்களுக்கென்று ஓர் அடையாள எண் இருக்கும். சி டிரைவில் "சிஸ்டம் ஐடி" என்ற போல்டரிலும் அது இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் பூட்டு எந்த வகை என்று தெரியும்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் வழக்கமாக என்ன பேச்சு நடக்கும்?

"சார், வைரஸ் நெறைய இருக்கு. பார்மட் அடிச்சாத்தான் சரியாவும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுங்க."

"அண்ணாச்சி, போட்டோ?"

"அது வராது சார்."

சாயங்காலம் கம்ப்யூட்டர் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் பூட்டிய பைலும் போய்விட்டது. அடையாள எண்ணும் போய்விட்டது. பிறகு சாவி கிடைத்தாலும் திறக்க ஒன்றும் இருக்காது!

ஆகவே, கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "அண்ணாச்சி, அழிக்கிறதுக்கு முன்னாடி பூட்டுன பைல் எல்லாத்தையும் அப்படியே வேற டிஸ்க்குல எடுத்துக் குடுங்க. அந்தக் கடுதாசியும் சேர்த்து."

இது முடியாத காரியம் அல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் துணை டிஸ்க்காக மாட்டலாம். அல்லது லினக்ஸ் உள்ள பென் டிரைவில் இருந்து கம்ப்யூட்டரை இயக்கலாம். அப்போது விண்டோசும் எழும்பாது. அதை நம்பி இருக்கும் வைரசும் எழும்பாது. போட்டோ, கடிதம், பாட்டு, வீடியோ இவற்றை மட்டும் காப்பி எடுக்க வேண்டும். புரோகிராம் பைல் எதையும் எடுக்கக்கூடாது. அதில் வைரஸ் ஒளிந்திருக்கலாம்.

நோய் நீக்குவது ஒரு வேலை. பைலை மீட்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல வீடுகளில் போட்டோக்கள் நிரந்தரமாகப் போகின்றன.

சாவி கிடைக்குமா?

சில பேருக்குக் கிடைக்கும். சில பேருக்குக் கிடைக்காது. எப்படி?

இந்த வைரஸ் பூட்டுப் போடும் முன்பு, தன் எஜமானனின் கம்ப்யூட்டரை இணையம் வழியாகத் தொடர்புகொள்ளும். தொடர்பு கிடைத்தால், உங்களுக்கு மட்டும் தனிச்சாவி போட்டுப் பூட்டும். அந்தச் சாவி எஜமானனிடம் மட்டும் இருக்கும்.

தொடர்பு கிடைக்காவிட்டால்? தன் மடியில் கட்டி வைத்திருக்கும் பொதுச்சாவியால் பூட்டும். அந்த ரகத்தில் இப்படி மாட்டிய எல்லோருக்கும் ஒரே சாவி! ஒருவருடைய சாவி நிபுணர்கள் கைக்கு வந்துவிட்டால், மற்றவர்களின் பூட்டும் திறந்துவிடும்.

உங்கள் அடையாள எண் "டி1" என்ற ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் முடிந்தால், அது பொதுச்சாவி. நம்பிக்கையோடு காத்திருக்கலாம்.

2019 அக்டோபர் 18-ந்தேதி, நியூசிலாந்தைச் சேர்ந்த எம்சிசாப்ட் நிறுவனம் இந்த வைரசின் 148 ரகங்களுக்குத் திறப்பு சாப்ட்வேரை இலவசமாக வெளியிட்டது. அதில் கூடப் பாடுபட்டவர் மைக்கேல் கில்லெஸ்பி. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்துக்காரர். நம் ஊர் அண்ணாச்சி மாதிரி ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர்! எந்த வைரஸ் பூட்டியது என்று கண்டுபிடித்துச் சொல்லும் "ஐடி ரேன்சம்வேர்" என்ற இலவச சேவையை நடத்தியவரும் அவரே. 2017-ல் அமெரிக்க உளவுத்துறையான எப்.பி.ஐ. அவருக்கு விருது கொடுத்தது.

2016 ஜூலையில் நெதர்லாந்து போலீசாரும், ஐரோப்பியக் கூட்டுப் போலீஸ் அமைப்பான யூரோபோலும், இரண்டு வைரஸ் தடுப்புக் கம்பெனிகளும் சேர்ந்து "நோ மோர் ரேன்சம்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பூட்டிய பைல் ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் அங்கே கொடுத்தால், சாவி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். காசு கிடையாது.

2019 ஆகஸ்டுக்கு முந்தைய பழைய ரகத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பூட்டிய ஒரு பைலும், அதே பைலின் பூட்டாத நகலும் ஜோடியாகக் கிடைத்தால், அதை வைத்து அதே வகைப் பைல்களுக்கான சாவியைக் கணக்கிட முடியும். மெயிலில் யாருக்காவது அனுப்பிய போட்டோ இருந்தால் அதுவே அந்த ஜோடி!

புதிய ரகத்தில் தனிச்சாவி போட்டிருந்தால் இந்த வழி எடுபடாது. ஆனாலும் பூட்டிய பைல்களை அழிக்க வேண்டாம். ஒரு டிஸ்க்கில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். போலீசார் இத்தகைய கூட்டத்தைப் பிடிக்கும்போது சாவிகள் வெளியே வந்த சம்பவங்கள் உண்டு.

பணம் கொடுத்தால் என்ன?

கொடுத்தாலும் சாவி வரும் என்ற உத்தரவாதம் இல்லை. வந்தாலும் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை. "இவன் கொடுக்கிற ஆள்" என்று பெயர் மட்டும் நிச்சயம் வரும்.

"நாங்க கட்டாயம் தெறந்து தாரோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடமும் உஷார்! இப்படி விளம்பரம் செய்த சில கம்பெனிகள், ரகசியமாகத் திருடனிடமே பணம் கட்டிச் சாவி வாங்கி, மேலே தங்கள் கூலியையும் வைத்து வசூலித்ததை 2019-ல் அமெரிக்காவின் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது.

கோட்டைக்கும் வந்தது

"படிச்சவங்க இருக்கிற பெரிய ஆபீசுல இதெல்லாம் நடக்காது" என்று நினைக்க வேண்டாம்.

2017 மே 12-ந்தேதி "வன்னாகிரை" என்ற வைரஸ் கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள கார் தொழிற்சாலை, திருப்பதி தேவஸ்தானம் என்று அதன் கை நீண்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ந்தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

2021 செப்டம்பரில் சென்னைக் கோட்டையிலேயே, தமிழக அரசின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு 1,950 டாலர் கேட்டார்கள்.

2022 நவம்பர் 23-ந்தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்கும் நிலைமை ஏற்பட்டது. எப்படி மீண்டார்கள் தெரியுமா? வைரஸ் எட்டாத ஒரு சர்வரில் தகவல்களுக்கு மறுபிரதி இருந்தது. அதில் இருந்துதான் எடுத்தார்கள்!

கூடங்குளம் பாடம்

நம் பக்கத்துச் சம்பவம் ஒன்றும் உண்டு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று பரபரப்பு எழுந்தது. அப்போது தென்காசியும் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 22-ந்தேதிதான் தென்காசி தனி மாவட்டமாக உதயமானது.

அக்டோபர் 29-ந்தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாளே, அணுமின் கழகம் ஓர் அறிக்கை விட்டது. "வைரஸ் புரோகிராம் இருந்தது உண்மைதான். செப்டம்பர் 4-ந்தேதியே தகவல் வந்தது. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் அது புகுந்தது. முக்கியமான உள் அமைப்பு தனியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளது, அதற்குப் பாதிப்பு இல்லை" என்பது அதன் சாரம்.

இதில் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எது முக்கியமோ அதைத் தனியாகப் பிரித்து வை! இணையத்தோடு இணையாத இடத்தில் வை!

மூன்றாவது வேலை: சுத்தம் செய்

பூட்டிய பைல்களைப் பத்திரமாக எடுத்தாகிவிட்டது. இனி தயங்காமல் அழிக்கலாம். ஆனால் அரைகுறையாக அழிக்கக்கூடாது.

பல வீடுகளில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்பார்கள். கடையில் சி டிரைவை மட்டும் அழித்துப் புது விண்டோஸ் போடுவார்கள். பையன் இறக்கிய "கிராக்" பைல் டி டிரைவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்! ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி தட்டுவான். கதை மறுபடி தொடங்கும். எல்லா டிரைவையும் அழிக்க வேண்டும்.

புது விண்டோஸ் எங்கே கிடைக்கும்? நோய் இல்லாத வேறு கம்ப்யூட்டரில், மைக்ரோசாப்டின் சொந்த இணையதளத்தில் இருந்து 8 ஜிபி பென் டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். கம்பெனி கம்ப்யூட்டராக விண்டோசோடு சேர்த்து வாங்கியிருந்தால் பெரும்பாலும் லைசென்ஸ் உள்ளேயே பதிந்திருக்கும். தானாக ஒப்புக்கொள்ளும். கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுத் தந்தால், திருடனை வாசல் வழியாக விரட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் விண்டோஸ் 11 போடுவது நல்லது.

நான்காவது வேலை: பாஸ்வேர்டை மாற்று

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வைரஸ் தனியாக வருவதில்லை. பல தடவை ஒரு கூட்டாளியையும் அழைத்து வந்திருக்கிறது. "அசோரல்ட்" என்று பெயர். பூட்டுப்போடும் வேலை ஒருவன் பார்க்க, கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மற்றவன் அள்ளிக்கொண்டு போவான். போட்டோ போனது கண்ணுக்குத் தெரியும். பாஸ்வேர்டு போனது தெரியாது. பாங்கியில் பணம் குறையும்போதுதான் தெரியும்!

ஆகவே நோய் இல்லாத வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ உட்கார்ந்து, முதலில் மெயில் பாஸ்வேர்டு, அடுத்து பாங்கி பாஸ்வேர்டு, பிறகு மற்றவை என்று எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு செல்போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். மாவட்ட சைபர் கிரைம் போலீசாரிடமும் கொடுக்கலாம். "இதுக்கெல்லாம் போலீசா?" என்று கூச்சப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஊரெல்லாம் இருக்குது போட்டோ!

சாவி கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை.

கல்யாண போட்டோ ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமா இருக்கும்? எடுத்த போட்டோ ஸ்டூடியோவில் கேளுங்கள். அவர்களுடைய டிஸ்க்கில் இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுச் செல்போனில் பாருங்கள். மெயிலில் அனுப்பியது, வாட்ஸ்அப்பில் அனுப்பியது, செல்போன் தானாக இணையத்தில் சேர்த்து வைத்தது, பழைய செல்போனில் இருந்து கழற்றிப் போட்ட மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அழிந்த மெமரி கார்டில் இருந்துகூட படம் எடுக்கும் "போட்டோரெக்" என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பத்திர நகலைப் பத்திர ஆபீசில் மறுபடி வாங்கலாம்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். "எக்கா, ஒன் போன்ல இருக்கிற படத்தையெல்லாம் அனுப்பு" என்றால், கடையநல்லூரில் இருந்தும் வரும். துபாயில் இருந்தும் வரும். வருகிற போட்டோவில் வீட்டில் இல்லாத போட்டோகூட இருக்கும்!

ஆச்சி குரல்

ஆனால் ஆச்சி குரல்? அது வேறு யாரிடமும் இல்லையே!

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த வைரசுக்கு அவசரம் அதிகம். ஆயிரக்கணக்கான பைல்களைச் சீக்கிரம் பூட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டும் பூட்டும். மீதியைத் தொடாது! பெரிய புத்தகத்தில் முதல் சில பக்கங்களை மட்டும் கிழித்ததுபோல.

சின்னப் போட்டோ என்றால் அதிலேயே முக்கால்வாசி போய்விடும். ஆனால் நீளமான வீடியோ, பாட்டு, பேச்சுப் பதிவுகளில் பெரும்பகுதி உள்ளே அப்படியே இருக்கும். சாதாரணத் தரத்தில் பதிந்த எம்.பி.3 என்றால் 150 கிலோபைட் என்பது சுமார் 10 வினாடிப் பேச்சு. பைலின் நகல் ஒன்றை எடுத்து, பெயரில் முளைத்த வாலை நீக்கி, பாட்டுக் கேட்கும் சாப்ட்வேரில் போட்டால், பல சமயம் தொடக்கத்தைத் தாண்டி மீதி ஒலிக்கும். வீடியோவை ஒட்டுப் போட்டுச் சரி செய்யவும் இலவச சாப்ட்வேர்கள் வந்திருக்கின்றன.

பைலை அழித்திருந்தால் இதற்கும் வழியில்லை. அழிக்காமல் எடுத்து வைத்ததால்தான் இந்த வாய்ப்பு!

இனி என்ன செய்ய வேண்டும்?

வைரஸ் மறுபடியும் வராது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. வந்தாலும் அழ வேண்டாத நிலைமையை நாம் ஏற்படுத்திக்கொள்ளலாம். கணக்கு சுலபம்: 3, 2, 1.

முக்கியமான பைல் எதுவானாலும் 3 பிரதி. 2 வகையான இடம். அதில் 1 வீட்டுக்கு வெளியே.

கம்ப்யூட்டரில் ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. மகள் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. ஹார்ட் டிஸ்க்கைக் காப்பி எடுக்கும்போது மட்டும் சொருக வேண்டும். எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். திருடன் கேட்ட 490 டாலரில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் வாங்கலாம்!

மாதத்தில் ஒருநாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்க்குடிக்காரர்கள் கார்த்திகை நட்சத்திரத்தன்று கோவிலுக்குப் போய் வந்ததும் காப்பி எடுக்கலாம். எடுத்த காப்பி திறக்கிறதா என்று ஒரு பைலைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். புது சாப்ட்வேர் போட அப்பா, அம்மா பாஸ்வேர்டு வேண்டும் என்று வைத்தால், பாதி வைரஸ் வாசலிலேயே நின்றுவிடும். அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஆண்டி வைரசை நிறுத்தச் சொல்லும் எந்த சாப்ட்வேரையும் தொடாதீர்கள். காவல்காரனைத் தூங்கச் சொல்கிறவன் விருந்தாளியாக இருக்க மாட்டான்!

பையனை அடிக்கவும் வேண்டாம். அடித்தால், அடுத்த தடவை வைரஸ் வந்தாலும் பயந்து மறைத்துவிடுவான். அவன் மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் நூறு பைல் பூட்டும். "என்ன ஆனாலும் உடனே வந்து சொல்லு" என்று சொல்லி வையுங்கள்.

மறுபடியும் அந்த வீடு

நாம் நினைத்துப் பார்த்த ஆய்க்குடி வீட்டுக்குத் திரும்புவோம்.

வாத்தியார் பணம் கட்டவில்லை. கம்ப்யூட்டரை அழிக்கும் முன்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். கல்யாண போட்டோக்கள் பல சொந்தக்காரர்களிடம் இருந்து வந்துசேர்ந்தன. வராதது கொஞ்சம். அது டிஸ்க்கில் பூட்டிக் கிடக்கிறது. பீரோவில், பத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த டிஸ்க் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் மகன் ஆச்சியின் பதிவை ஓட்டிப் பார்க்கிறான். முதலில் சத்தமே இல்லை. பிறகு கொஞ்சம் இரைச்சல். அப்புறம் திடீரென்று நடு வாக்கியத்தில் இருந்து ஆச்சி பேசுகிறாள்.

அடுப்படியில் இருந்து அம்மா ஓடி வருகிறாள்.

"மொதல்ல 'ஏல ராசா'ன்னு கூப்பிடுவாள்ல, அது மட்டும் இல்லம்மா" என்கிறான் மகன்.

"கதை இருக்குல்லா? அது போதும்ல. மொத வேலையா அதை மூணு எடத்துல போட்டு வை!"